மூன்று மாடி மாதிரியும் ஒரு பியூஸும்

நிலநடுக்கம் வந்த அன்று நான் ஒன்பதாவது மாடி பால்கனியில் வெள்ளைத் துணிகளுக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தேன். கேளம்பாக்கத்தில் நாங்கள் குடியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாளியில் இருந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி, மறுபக்கமாக இறங்கியது. நான் கையை வெளியே எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது. அப்போதுதான் என் தலையும் லேசாகச் சுற்றுவதை உணர்ந்தேன்.

கடலுக்கு அடியில் வெகு தொலைவில் ஏற்பட்ட அதிர்வு என்று பிறகு தொலைக்காட்சியில் சொன்னார்கள். தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. உயரத்தில் இருந்தவர்கள் மட்டும் படியிறங்கி கார் நிறுத்துமிடத்தில் வந்து நின்றோம். ஏழாவது மாடிப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு என்னிடம் வந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள், மதுரைப் பக்கம்.

"மேடம், நீங்க சிவில் ப்ரொபசர்தானே? நம்ம பில்டிங் தாங்குமா?"

"தாங்கும். பயப்படாதீங்க," என்றேன்.

அவள் உடனே நம்பிவிட்டாள். குழந்தையோடு லிஃப்டில் ஏறி மேலே போய்விட்டாள். இந்த நேரத்தில் லிஃப்டில் போகக்கூடாது என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. பொத்தேரியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பத்து வருடமாகக் கட்டடப் பொறியியல் சொல்லிக் கொடுத்துவந்தேன். ஆனால் நான் குடியிருக்கும் கட்டடத்தின் வரைபடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. எதை வைத்துத் தாங்கும் என்று சொன்னேன் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் அதே பல்கலைக்கழகத்தில் பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துவிட்டு, தலைப்பை முடிவு செய்யாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். என் வழிகாட்டி சிமெண்ட் கலவை பற்றி ஏதாவது செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவரிடம் போய், நிலநடுக்கத்தின்போது கட்டடத்தின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிச் செய்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஷேக் டேபிள் ரெண்டு வருஷமா சும்மாதான் கிடக்கு. யாராவது பயன்படுத்தினா சரி."

ஷேக் டேபிள் என்பது ஒரு சாப்பாட்டு மேசை அளவு இரும்பு மேடை. பதிவு செய்யப்பட்ட நிலநடுக்கங்களைக் கணினியில் கொடுத்தால், மேடை அதே போலச் சிறிய அளவில் ஆடும். அதன்மேல் மூன்று மாடிக் கட்டட மாதிரி ஒன்றைப் பொருத்தினோம். தூண்களுக்கு மெல்லிய எஃகுப் பட்டைகள், தளங்களுக்குத் தகடுகள். மாதிரி என் தோள் உயரம் இருந்தது.

அதைப் பற்றவைத்து, முடுக்கி, நிமிர்த்தி நிறுத்தியவர் ஆய்வகத் தொழில்நுட்பர். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவார். முன்பு மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். அது மூடப்பட்ட பிறகு இங்கே சேர்ந்தார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார்.

கீழ்த்தளத்தில் ஒரு உருளையைப் பொருத்தினோம். பைக்கில் இருக்கும் ஷாக் அப்சார்பர் போன்றதுதான். உள்ளே இரும்புத்தூள் கலந்த எண்ணெய். மின்சாரம் கொடுத்தால் எண்ணெய் கூழாகக் கெட்டிப்படும்; நிறுத்தினால் இளகிவிடும். கெட்டியாக இருந்தால் கட்டடத்தை இழுத்துப் பிடிக்கும், இளகினால் விட்டுக்கொடுக்கும். எந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதுதான் என் ஆராய்ச்சி.

வழக்கமான முறையில் அதை முடிவு செய்ய, கட்டடத்தின் எடையும் தூண்களின் விறைப்பும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். உண்மையான கட்டடத்தில் அது யாருக்கும் தெரியாது. வரைபடத்தில் இல்லாத தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடியில் ஏறி உட்கார்ந்திருக்கும். மூன்றாவது மாடிக்காரர் சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்கியிருப்பார். நான் எடுத்துக்கொண்ட ஃபஸி லாஜிக் என்ற கணக்கு முறை அந்தத் துல்லியத்தைக் கேட்பதில்லை. தளம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறதா, நடுத்தரமாகவா, நிறையவா என்று மட்டும் பார்க்கும். ஒரே நகர்வு பாதி கொஞ்சமாகவும் பாதி நடுத்தரமாகவும் இருக்கலாம். அதில் அதற்குச் சிக்கல் இல்லை. நிறைய நகர்ந்து, இன்னும் வேகமாக விலகிக்கொண்டிருந்தால் மின்சாரத்தைக் கூட்டு. நிறைய நகர்ந்திருந்தாலும் திரும்பி வந்துகொண்டிருந்தால் குறை. இப்படி இருபத்தைந்து விதிகள் எழுதினேன். முதலில் தமிழில்தான் ஒரு நோட்டில் எழுதினேன். 'கொஞ்சம்', 'ரொம்ப' என்று எழுதும்போது எனக்கே என்ன சொல்கிறேன் என்று தெளிவாக இருந்தது.

சோதனை நன்றாக வந்தது. உருளை இல்லாமல் ஒரு முறை ஆட்டினோம், உருளையைப் பொருத்தி ஃபஸி விதிகளோடு ஒரு முறை ஆட்டினோம். மேல்மாடியின் ஆட்டம் பாதிக்குக் கீழே போய்விட்டது. பல நிலநடுக்கப் பதிவுகளை மாற்றி மாற்றிப் போட்டோம், எல்லாவற்றிலும் குறைந்தது. கட்டுரை எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினேன். சில மாதங்களில் ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. துறை முழுவதற்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். வழிகாட்டி இரண்டு எடுத்துக்கொண்டார். ஆய்வகத் தொழில்நுட்பர் ஒன்றை வாங்கி, காகிதத்தோடு மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். எறும்பு வந்த பிறகுதான் அவர் அதைச் சாப்பிடவில்லை என்று கவனித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் நான் பையைக்கூட இன்னும் வைக்கவில்லை, அவர் வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். கோச்சுக்காதீங்க."

"சொல்லுங்கண்ணா."

"அந்தக் கரண்ட் பொட்டி கீதில்ல, உருளைக்குக் குடுக்கறது. அதுல பியூஸு போயிருந்திச்சு."

"எப்போ?"

"எப்போ போச்சுன்னு தெரியல மேடம். நான் பாத்தது நீங்க ஸ்வீட் குடுத்த அன்னிக்குக் காலைல. தூசி தட்டலாம்னு தெறந்தேன். கம்பி கருகிக் கெடந்துது. மாத்திட்டேன். சொல்லலாம்னுதான் உங்க ரூமுக்கு வந்தேன். அல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தீங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு முதலில் புரியவில்லை. கணினி மின்சாரத்தைக் கூட்டு, குறை என்று கட்டளை அனுப்பும். அந்தக் கட்டளையைப் பெட்டி வாங்கி, உருளைக்கு மின்சாரமாகக் கொடுக்கும். என் வரைபடங்களில் இருந்த மின்சாரக் கோடு கணினியின் கட்டளை. உருளைக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த மின்சாரத்தை நான் எங்கேயும் அளக்கவில்லை.

"அப்படின்னா நம்ம எடுத்த ரிசல்ட்…"

"அதான் மேடம். கரண்ட்டே இல்லாம எடுத்திருப்போமோன்னு பயமா கீது."

அன்று வகுப்புகளை மாற்றிக் கொடுத்துவிட்டு, இருவரும் மேடையை இயக்கினோம். பெட்டியை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, அதே நிலநடுக்கத்தைப் போட்டோம். வந்த கோட்டைப் பழைய கோட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. மூன்று பதிவுகளுக்குச் செய்தோம். மூன்றிலும் அப்படித்தான். நான் ஃபஸி லாஜிக்கின் வெற்றி என்று எழுதியிருந்தது, மின்சாரம் இல்லாத ஒரு எண்ணெய் உருளையின் வேலை. வெறும் எண்ணெயே ஆட்டத்தைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டிருக்கிறது. மின்சாரம் இல்லாமல் உருளையை மட்டும் வைத்து ஒரு சோதனை எடுத்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். எந்த இளநிலை மாணவனும் கேட்கக்கூடிய கேள்வி அது. நான் கேட்கவில்லை.

"ரெண்டு வாரம் ஏன் சொல்லலை?" என்றேன். குரலில் கோபம் இருந்திருக்க வேண்டும்.

"போன வருசம் அந்த சென்சார் ஒடைஞ்சதுக்கு எனக்கு மெமோ குடுத்தாங்க. நான் ஒடைக்கல. இதுவும் என் தலைல வுடுவாங்கன்னு நெனச்சேன். அப்பால பாத்தா, நீங்க இதைப் பத்தி கிளாஸ்ல பசங்களுக்கும் சொல்லிக்கினு கீறீங்க. தூக்கம் வரல மேடம்."



அன்று மாலை நான் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் பேருந்து. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று வரிசையாக யோசித்தேன். கட்டுரை வெளிவரும். ஆய்வேடு முடியும். புதிய பியூஸோடு அடுத்த சோதனைகளைச் சரியாகச் செய்துகொள்ளலாம். யாரும் இந்த ஆய்வகத்துக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்க்கப்போவதில்லை. இதையெல்லாம் நான் நினைக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய்.

கணவரிடம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவர் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவர்.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல. இனி தெரியாத மாதிரி எப்படி எழுதுவ?" என்றார். ரசத்தை என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் சொன்னபோது வழிகாட்டி முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழுந்து போய் ஜன்னலை மூடினார்.

"உருளை இருந்தது. ஆட்டம் குறைஞ்சது. அது பொய் இல்லையே. அடுத்த கட்டுரையில ஒரு குறிப்பு போட்டுச் சரி பண்ணிக்கலாம்."

"தலைப்பே ஃபஸி கட்டுப்பாடு சார். கட்டுப்பாடே அங்க இல்ல."

"கட்டுரையைத் திருப்பி வாங்கினா உனக்கு ஒரு வருஷம் போகும். ரெண்டு வருஷம்கூட ஆகலாம்."

"ஆமா சார்."

அவர் ஜன்னல் பக்கமே நின்றார். அவருக்குப் பணி ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. அந்த ஆண்டில் அவர் பெயரில் ஏற்கப்பட்ட ஒரே கட்டுரை அது என்பது எனக்குத் தெரியும்.

"ஆய்விதழுக்குக் கடிதத்தை நீ எழுது," என்றார் கடைசியில். "என் பேரையும் போடு. நானும் பார்த்துத்தானே அனுப்பினேன்."

துறைத் தலைவருக்கு ஒரு அறிக்கை தர வேண்டியிருந்தது. கருவியைச் சரிபார்க்காதது யார் என்ற இடத்தில் ஆய்வகத் தொழில்நுட்பர் என்று போட்டால் விஷயம் சீக்கிரம் முடியும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். உருளைக்குச் சென்ற மின்சாரத்தை அளக்கும் ஏற்பாட்டை ஆய்வாளரான நான் செய்யவில்லை, அது என் தவறு என்று எழுதினேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, நடந்தது அதுதான். மூன்றாம் நாள் தொழில்நுட்பர் அந்த அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார்.

"இன்னாத்துக்கு மேடம் உங்க மேல போட்டுக்கினீங்க?"

"என் மேலதானேண்ணா இருக்கு."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி, அம்மீட்டர் ஒண்ணு எடுத்தாறேன். இன்னிக்கே மாட்டிருவோம்," என்று போனார்.

இரண்டாவது முறை நான் என்னையே நம்பவில்லை. எனக்கு எந்தப் பதில் வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் ஆபத்து. அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். மேடையை ஆட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் உருளையை மின்சாரம் இல்லாமல் விடுவதா, முழு மின்சாரத்தில் வைப்பதா, ஃபஸி விதிகளிடம் கொடுப்பதா என்பதை அவர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார். எது என்பதையும் அம்மீட்டர் காட்டும் அளவையும் தன் நோட்டில் எழுதிக்கொள்வார், என்னிடம் சொல்லமாட்டார். தளங்களில் எவ்வளவு எடை வைக்கிறார் என்பதும் எனக்குத் தெரியக்கூடாது. எடை தெரியாமலே சமாளிக்கும் என்பதுதானே ஃபஸி லாஜிக்கைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தது.

எடைக்கு ஆய்வகத்தில் இருந்த தகடுகள் உதவாது; அவற்றின் எடை எனக்கு மனப்பாடம். கல் வைக்கலாம் என்றார் அவர். அவருடைய மச்சான் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் வேலை பார்த்தார். ஒரு சனிக்கிழமை துறையின் வேனில் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். சிற்பக்கூடம் என்றால் உளிச்சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். எல்லாம் அறுக்கும் இயந்திரங்கள். வெள்ளைத் தூசியில் நான்கு பேர் வாயில் துணி கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கம், விரிசல் விட்டதால் ஒதுக்கிய கற்கள் குவிந்திருந்தன.

"பூகம்பத்துக்குக் கல்லா?" என்றார் மச்சான். "இங்க எங்கம்மா பூகம்பம் வருது? சுனாமிதான் வந்துச்சு."

"வராம இருந்தா நல்லதுதான். வந்தா எப்படின்னு பாக்கிறோம்."

"ஆடுற மேடைல வெச்சா கல்லு வுழுந்து ஒடையாதா?"

"ஏற்கெனவே ஒடைஞ்சதைத்தானே மச்சான் எடுத்துக்கினு போறோம்," என்றார் எங்கள் ஆள்.

பாதி செதுக்கிய தாமரை ஒன்று, முதுகு மட்டும் இருந்த நந்தி ஒன்று, கணக்கில்லாத பலகைத் துண்டுகள். அவற்றை வேனில் ஏற்றும்போது என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார் அவர். தூக்கிப் பார்த்தால் எடை தெரிந்துவிடுமாம். நான் எதிரே இளநீர்க் கடையில் போய் நின்றேன். கடற்காற்றில் தூசி இந்தப் பக்கம் வரவில்லை.

சோதனை ஐந்து வாரம் நடந்தது. ஒவ்வொரு நாளும் அவர் கற்களை அடுக்கிக் கயிற்றால் கட்டுவார். அதுவரை நான் வராந்தாவில் நிற்பேன். பிறகு வந்து மேடையை இயக்குவேன். மாதிரி ஒரு நாள் சோம்பலாக ஆடும், ஒரு நாள் விறைப்பாக நடுங்கும். மூன்றாவது வாரம் அவர் ஒரு காரியம் செய்தார். மேல்தளத்தில் ஐந்து சாக்பீஸ்களை நிறுத்தி வைத்தார்.

"எதுக்குண்ணா?"

"நம்ம தளம் எவ்ளோ நவுருதுன்னுதானே அளக்குறோம். வூட்டுக்குள்ள பீரோ கீது, கேஸ் சிலிண்டர் கீது. செவுரு நின்னுட்டு பீரோ மேல வுழுந்தா? அதையும் பாப்போமே."

மேல்தளத்தின் உதறலை, அது எவ்வளவு வெடுக்கென்று ஆடுகிறது என்பதை, அளக்கும் கருவி ஏற்கெனவே இருந்தது. அதன் பதிவுகளை நான் பெரிதாகப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவற்றையும் எடுத்தேன். எத்தனை சாக்பீஸ் விழுந்தது என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

எல்லா ஓட்டங்களையும் கணக்கிட்டு, ஆடிய விதத்தைப் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்து வைத்த பிறகு, ஒரு வியாழக்கிழமை மதியம் தொழில்நுட்பர் தன் நோட்டை எடுத்து வந்தார். வழிகாட்டியும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தொழில்நுட்பர் ஒவ்வொரு ஓட்டத்திலும் உருளை எப்படி இருந்தது என்று படிக்கப் படிக்க நான் அந்தந்தக் கோட்டின்மேல் எழுதினேன்.

சிறிய அதிர்வுகளில் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை. பெரிய அதிர்வுகளில், தளத்தின் நகர்வை அதிகம் குறைத்தது என் விதிகள் அல்ல, முழு மின்சாரம். எந்த யோசனையும் இல்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்த உருளை அதில் என்னை வென்றுவிட்டது. ஆனால் அப்படி இறுக்கியபோது மேல்தளம் உதறியது; சாக்பீஸ்கள் பெரும்பாலும் விழுந்தன. ஃபஸி விதிகள் நகர்வைச் சற்றுக் குறைவாகவே அடக்கின, ஆனால் உதறல் மிகவும் குறைந்தது. சாக்பீஸ்கள் பெரும்பாலும் நின்றன. எடை மாறியும் அது மாறவில்லை. மேல்தளத்தில் மட்டும் அதிக எடை வைத்த ஓட்டங்களில் விதிகள் தடுமாறின. உதறலையும் குறைக்கவில்லை, நகர்வையும் குறைக்கவில்லை. ஏன் என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் முழுதாகத் தெரியவில்லை.

"அவ்ளோதானா மேடம்?" என்றார் தொழில்நுட்பர். அவர் இன்னும் அதிகமாக எதிர்பார்த்திருந்தார் என்று தோன்றியது.

"அவ்வளவுதாண்ணா."

"இதுதான் ரிசல்ட்," என்றார் வழிகாட்டி. "முன்ன வந்தது விளம்பரம்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனால் அந்த மதியம் எனக்குப் பசித்தது. பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. மூவரும் வாசலுக்கு எதிரே மாணவர்கள் சாப்பிடும் கடைக்குப் போய் பரோட்டா சாப்பிட்டோம்.

ஆய்வேடு இரண்டு வருடம் தள்ளிப் போயிற்று. வழிகாட்டி ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், திருப்பி வாங்கிய கட்டுரையைப் பற்றிக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அறையின் கடைசி வரிசையில் தொழில்நுட்பர் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் திரும்பி அவரைப் பார்த்து, சாக்பீஸ் யோசனை யாருடையது என்று கேட்டார். அவர் எழுந்து நின்று, "என்னோடதுதான் சார்," என்றுவிட்டு உட்கார்ந்தார்.

புதிய கட்டுரை அவ்வளவாகப் பெயர் தெரியாத ஒரு ஆய்விதழில் வந்தது. அதிகம் பேர் படிக்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நாட்டின் வடகிழக்கில், நிஜமாகவே நிலம் நடுங்கும் மலைப்பகுதியிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தாள். அவளுடைய ஊரில் வீட்டுக்குமேல் வீடாகக் கட்டிக்கொண்டே போவார்கள், எடையெல்லாம் மேலே சேர்ந்துவிடும் என்று எழுதியிருந்தாள். விதிகள் எங்கே நன்றாக வேலை செய்தன என்று அவள் கேட்கவில்லை. மேல்தளத்தில் எடை கூடியபோது தடுமாறிய ஓட்டங்களின் பதிவுகள் மட்டும் கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, உருளைக்குப் போன மின்சாரத்தின் அளவோடு சேர்த்து அன்றே அனுப்பி வைத்தேன்.